மேல்வீட்டில் நிற்கும் லிஃப்ட்

லிஃப்ட்டுகளுக்கு நிரல் எழுதும் அந்த நிறுவனத்தின் கட்டடத்தில் ஐந்தாம் மாடி இரண்டு இருந்தது. வெளியே தெருவில் நின்று எண்ணினால் ஒன்றுதான் தெரியும். உள்ளே ஏறி ஐந்தை அழுத்தினால் பெரும்பாலும் வேலை நடக்கும் மாடியில் கொண்டுபோய் விடும். எப்போதாவது, அதற்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில், மஞ்சள் சுவரும் சரியாகச் சாத்தாத ஜன்னலும் கொண்ட இன்னொன்றில் நிற்கும். அங்கே கதவு திறந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். அடுத்தவர் வீட்டு வாசலைத் தெரியாமல் தட்டிவிட்டவர்களைப் போல, கதவு மூடும்வரை செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கழிவறை எங்கே, குடிதண்ணீர் எங்கே என்று காட்டும்போது இதையும் சொல்லிவிடுவது வழக்கம்.

காரணம் என்ன என்பதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. நிரல் எழுதுகிறவர்கள் வரிகளுக்கு நடுவே, பின்னால் வருகிறவருக்குப் புரியட்டும் என்று பேச்சு மொழியில் குறிப்புகள் எழுதி வைப்பார்கள். அந்தக் குறிப்புகளிலும் கையேடுகளிலும் ஒரே பொருளை இரண்டு பெயர்களில் எழுதினால், அங்கே பொருளே இரண்டாகிவிடும். ஒருவர் பொத்தான் என்றும் இன்னொருவர் விசை என்றும் எழுதிய வருடம் லிஃப்ட்டுக்குள் இரண்டு வரிசைப் பொத்தான்கள் இருந்தன. ஒரு வரிசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அபாய மணி, எச்சரிக்கை மணி என்று எழுதியபோது இரண்டு மணிகள் ஒன்றையொன்று விஞ்சப் பார்த்துக் காதைக் கிழித்தன. மேனேஜர் ஆள் வைத்துக் கழற்றிப் பார்த்தார். கழற்றியது மறுநாள் காலை மறுபடி இருந்தது. கடைசியில் சொற்களை ஒழுங்குபடுத்த ஓர் ஆள் வேண்டும் என்ற முடிவுக்கு அவரும் வந்துசேர்ந்தார்.

சொல்லக்கா அங்கே வேலைக்கு வந்தது அப்படித்தான். அதற்கு முன் ஓர் அச்சகத்தில் பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர்தான் நிறுவனத்தின் மிகப் பழைய நிரலாளர். லிஃப்ட் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை எழுதியவர். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த மேனேஜர், வெறுங்கையோடு வந்த சங்கடத்துக்கு, ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வேலை எளிமையானது, அதனாலேயே எல்லோருக்கும் எரிச்சல் தருவது. இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். இனிமேல் பொத்தான் மட்டும் என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும். பிறகு பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மற்றதை எடுப்பாள். கடைசி இடத்தில் மாற்றிய மறுகணம் உபரிப் பொருள் காணாமல் போய்விடும். சுவரில் திருகாணி ஓட்டைகள் மிஞ்சும். அதைப் பூசுவது பராமரிப்புக்காரர்கள் பாடு. இளம் நிரலாளர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “ரெண்டும் ஒண்ணுதானேக்கா” என்பார்கள். “ஒண்ணுன்னா ஒண்ணாவே எழுதுங்க” என்பாள். சொல்லக்கா என்ற பேரும் அவர்கள் வைத்ததுதான். அதற்குமேல் அவளோடு யாரும் அதிகம் பேசுவதில்லை. எதைப் பேசினாலும் திருத்திவிடுவாளோ என்ற பயம்.

கணவர் இருந்தபோது அவளுக்கு நிலையான பேர் என்று ஒன்று கிடையாது. காலையில் டீச்சர் என்பார், சாப்பிடும்போது மகாராணி என்பார், சண்டை வந்தால் மேடம். பிழை திருத்திப் பழகிய பெண்ணுக்கு அது பொறுக்காது. ஏதாவது ஒரு பேரை முடிவு பண்ணிக் கூப்பிடுங்கள் என்று பலமுறை கோபித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது எல்லோரும் ஒரே பேரில்தான் கூப்பிட்டார்கள். கேட்டது கிடைத்துவிட்டது. அவளுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அவள் சேர்ந்து சில வருடம் கழித்து மேற்பார்வையாளர் விஷயம் நடந்தது. பராமரிப்புக் கையேட்டில் ஒரே பதவியைப் பாதி இடத்தில் மேற்பார்வையாளர் என்றும் பாதி இடத்தில் கண்காணிப்பாளர் என்றும் எழுதி வைத்திருந்தார்கள். அதனால் அச்சு அசலாக ஒரே முகமுள்ள இரண்டு பேர் தினமும் வேலைக்கு வந்தார்கள். ஒரே மேஜை, ஒரே மாதிரி வழுக்கை. ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடிப்பார். மத்தியானம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, எது யாருடைய டப்பா என்று பார்க்காமல் சாப்பிடுவார்கள். சொல்லக்கா வழக்கம்போல ஒரு மத்தியானம் கண்காணிப்பாளரை எடுத்தாள். எதிர் நாற்காலி காலியானது. டப்பாவில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

மிஞ்சியவர் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் அவள் மேஜைக்கு வந்து, சொல்லவா வேண்டாமா என்று நின்றுவிட்டு, “வேலைன்னா செஞ்சுதான் ஆகணும், தப்பே சொல்லலக்கா. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்குச் சாப்பாட்டையாவது அவன முடிக்க விட்டிருப்பேன்” என்றார். அதற்குப் பிறகு அவர் தன் வாக்கியங்களைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு யாருக்கோ காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. சொல்லக்காவுக்கு அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு இறங்குவதில்லை.

இருக்கிற குறிப்புகளிலேயே கணவர் எழுதியவைதான் படுமோசம். ஒரு பொருளை அவர் இரண்டாம் முறை அதே பேரில் எழுதியதாகச் சரித்திரம் இல்லை. அவள் எல்லாவற்றையும் திருத்தினாள், ஒன்றைத் தவிர. ஐந்தாம் மாடியை அவர் மேல்வீடு என்று எழுதியிருந்தார். கல்யாணமான புதிதில் அவர்கள் வாடகைக்கு இருந்த மாடிப் பகுதியை அப்படித்தான் சொல்வார்கள். கீழே வீட்டுக்காரர், மேலே இவர்கள். மஞ்சள் சுவர், சாத்தாத ஜன்னல். ஆபீஸ் பக்கத்துத் தெரு என்பதால் விளக்கு வைக்கும் நேரத்துக்கெல்லாம் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். பிறகு வீட்டுக்காரர் மகனுக்கு வேண்டும் என்று கேட்டதால் காலி செய்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் வீடு பார்த்தார்கள். அங்கே போனதிலிருந்து அவர் தினமும் தாமதம். கேட்டால் வேலை முடியவில்லை என்பார். அவள் ஒரு தட்டில் சாப்பிட்டு, இன்னொரு தட்டை மூடி வைத்துவிட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்த நாட்களில்தான் அவர் மேல்வீடு என்று எழுதத் தொடங்கியிருக்கிறார். கூட இருந்தவர்கள் அதை அவருடைய குறும்பு என்று எடுத்துக்கொண்டு தாங்களும் எழுதினார்கள். சொல் பல கோப்புகளுக்குப் பரவியது. கட்டடத்தில் ஒரு மாடி கூடியது.

அந்த மாடிக்குப் போய்ப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அங்கே அவர் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் பாதி, இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் பாதி. தவறி அங்கே நின்றுவிடப் போகிறதே என்று லிஃப்ட்டிலேயே ஏறமாட்டாள். லிஃப்ட் நிறுவனத்தில் முட்டி வலிக்க வலிக்கப் படியேறுகிற ஒரே ஆள் என்று அவளைக் கேலி செய்வார்கள். மேல்வீட்டை எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று மேனேஜர் கேட்கும்போதெல்லாம் அவசரமாகத் திருத்த வேண்டிய வேறு சொல் ஒன்று அவளிடம் தயாராக இருக்கும். வருடங்கள் அப்படியே ஓடின. கடைசியில் திருத்துவதற்கு வேறு சொல்லே மிஞ்சவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்திலிருந்து சோதனை அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. ஒரே மாடிக்கு இரண்டு பெயர்கள் இருக்கிற ஆவணத்தைக் காட்டினால் உரிமம் போய்விடும். மேனேஜர் அவள் மேஜையருகே வந்து, இந்த முறை தட்டிக்கழிக்க முடியாது என்றார். ஒரு சொல்தானே அம்மா, அரை நாள் வேலை என்றும் சொன்னார். அவருடைய கண்ணில் அது அரை நாள் வேலைதான்.

அவள் மறுநாள் காலை உட்கார்ந்தாள். ஒவ்வொரு கோப்பாக மேல்வீட்டை எடுத்து ஐந்தாம் மாடியைப் போட்டாள். மத்தியானத்துக்குள் ஒரே ஒரு இடம் பாக்கி. கணவர் முதன்முதலில் எழுதிய குறிப்பு அது. லிஃப்ட் இங்கே மேல்வீட்டில் நிற்கும், ஆள் இறங்கும்வரை கதவைத் திறந்தே வைக்கவும் என்று இருந்தது. அவள் விரல் சாவிப்பலகைமேல் நின்றது. எதிர் மேஜையில் மேற்பார்வையாளர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று சொல்லக்காவுக்குத் தோன்றியது. எழுந்து போய் லிஃப்ட்டில் ஏறினாள். அதுவும் இத்தனை வருடம் அவளுக்காகவே காத்திருந்ததுபோல நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

வீடு என்பதால் அறை அறையாகத்தான் போகும்போல; காலையிலிருந்து அவள் திருத்திய திருத்தத்தில் சமையலறை போய்விட்டிருந்தது. படுக்கையறையும் இல்லை. முன்னறை ஒன்றுதான் மிச்சம். வாசலில் அவருடைய செருப்பு இல்லை. அதைப் பார்த்ததுமே அவர் அங்கே இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலோரம் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றின் மெத்தை உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்திருந்தது. மற்றதன்மேல், வீடு மாறும்போது தொலைந்துபோனதாக அவள் நினைத்திருந்த பச்சைச் சால்வை, ஆள் போர்த்தி உட்கார்ந்திருப்பதுபோல விரித்துக் கிடந்தது. அந்த வருடங்களில் சாயங்காலம் முழுக்க அவர் எங்கே இருந்தார், யாரோடு இருந்தார் என்பதில் இனிச் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம்.

“இங்க வந்து உக்காந்துக்கிட்டுத்தான் வேலை முடியலன்னு சொன்னீங்களா? என்னையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல” என்றாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு ஜன்னலோரம், ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அதை நினைத்தபோதுதான் அழுதாள். நன்றாக, சத்தமாக, இடையில் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். பிறகு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. சொல்ல வந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

கீழே இறங்கி வந்து அந்தக் கடைசி இடத்தில் கைவைக்காமல், கையேட்டைத் திறந்து, சொற்களுக்குப் பொருள் சொல்லும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள். மேல்வீடு என்பது ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் உள்ள குடியிருப்பு. ஐந்தாம் மாடி அல்ல. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். இது என்னம்மா அநியாயம், எடுக்கச் சொன்னால் பதிந்து வைத்திருக்கிறீர்கள் என்றார்.

“ஒரு பொருளுக்கு ரெண்டு பேர் இருந்தாத்தான் சார் தப்பு. இது ரெண்டு பொருள். ஆளுக்கு ஒரு பேர்” என்றாள் சொல்லக்கா.

அவளை வேலைக்கு வைத்ததே இப்படிப் பேசுவதற்குத்தான் என்பதால் மேனேஜரால் மறுக்க முடியவில்லை. யாரும் இல்லாத இடத்தைக் குடியிருப்பு என்று எழுதலாமா என்று மட்டும் கேட்டுப் பார்த்தார். அந்த வார இறுதியிலேயே அவள் இரண்டு பஸ் தூரத்து வீட்டைக் காலி செய்தாள். பாய், அடுப்பு, பாத்திரங்கள் எல்லாவற்றையும் லிஃப்ட்டிலேயே ஏற்றினார்கள். மேற்பார்வையாளர் ஒரு கை பிடித்தார். நாற்காலிகளை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தவா என்று கேட்கத் தொடங்கி வழக்கம்போலப் பாதியில் நிறுத்தினார். நகர்த்த வேண்டாம் என்று சொல்லக்கா முடித்துவைத்தாள். அவர் முகம் தெளிந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

சோதனை அதிகாரி நிதானமான மனிதர். எல்லா மாடிகளையும் நாடா வைத்து அளந்தார், கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தார், பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். மேல்வீட்டுக்கு வந்தபோது சொல்லக்கா அவருக்கு டீ கொடுத்தாள். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார், கையேட்டைப் பார்த்தார், குழிந்த மெத்தையுள்ள நாற்காலியில் உட்காரப் போய், ஏனோ உட்காராமல் நின்றுகொண்டே குடித்தார்.

“குடியிருப்பவர் ரெண்டு பேர்னு போட்டிருக்கு. உங்களத் தவிர யாரையும் காணோமே?”

“இன்னொருத்தர் வேலையா இருக்கார். லேட்டாத்தான் வருவார்.”

அதிகாரிக்கும் வீடு, வேலை, தாமதம் எல்லாம் தெரியும்போல. சரி என்று குறித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறாம் மாடிக்குப் போனார்.

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில், யாரும் அழைக்காமலே, லிஃப்ட் காலியாகக் கிளம்பி மேல்வீட்டில் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. ஒருவர் இறங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக விடுகிற நேரம்வரை திறந்தே இருக்கிறது. உள்ளே இரண்டு தட்டுகள் எடுத்து வைக்கும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றை மூடும் சத்தம் கேட்கும். இளம் நிரலாளர்கள் கோளாறு என்று நினைத்து நிரலை வரிவரியாகத் தேடிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. இது பழுது அல்ல என்று கையேட்டின் அடுத்த பதிப்பில் சொல்லக்கா ஒரு வரி சேர்த்துவிட்டாள். அந்த நேரத்தில் மேலே கீழே போக வேண்டியவர்கள் படியில் போய்க்கொள்கிறார்கள்.