பின்னால் போனால் குளிரும் கார்

நாற்பது வருடம் ஊரிலுள்ள ஃப்ரிட்ஜுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்து ஓய்ந்தவர் அவர். வீட்டுக்கு வெளியே எல்லோருக்கும் அவர் ஃப்ரிட்ஜ்காரர். ஊரையே குளிர வைத்த மனிதரின் சொந்தக் கார் மட்டும் அடுப்பு. ஏசி இல்லாமலே பிறந்த கார். கோடையில் ஸ்டீயரிங்கைத் தொடக் கரித்துணி வேண்டும்.

இரண்டு கோடைக்கு முன் அதிலிருந்து இறங்கிய மனைவி மறுபடி ஏறவில்லை. எங்கே போனாலும் தன் தங்கை வீட்டு ஏசி காரில்தான் போவார். ஃப்ரிட்ஜ்காரர் பந்தோபஸ்து வண்டி மாதிரி தனியாகப் பின்னால் போவார்.

மகளின் புது வீட்டைப் பார்க்கப் போகலாம் என்று பேச்சு வந்ததும், சகலை சொன்னார்: "அக்கா வழக்கம்போல நம்ம வண்டியில வரட்டும். ஏசி ஒத்துக்கலைன்னா சால்வை இருக்கு."

அந்தச் சால்வைதான் ஃப்ரிட்ஜ்காரரைச் சுட்டது. "என் வண்டிக்கு நானே ஏசி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தார். "வெச்சா வரேன். ஆனா ஒரு சொட்டு வேர்வை வழிஞ்சுது, அங்கயே எறங்கி அவங்க வண்டியில ஏறிடுவேன். அப்புறம் இந்த ஜென்மத்துல உங்க வண்டி பக்கம் வரமாட்டேன்."

பழைய இரும்புக் கடையில் கம்ப்ரஸர் கிடைத்தது. குளிர்காற்றை ஊதும் குளிர்பெட்டியை டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டின் முன்னே, கால் வைக்கும் இடத்தில் பொருத்தினார். சூட்டை வெளியே தள்ளும் கம்பிக்கூட்டைக் காரின் பின்புறம், டிக்கிக்கு மேல் திருகினார்.

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "ஐயா, அதை முன்னாடி வைப்பாங்க."

"எந்த ஃப்ரிட்ஜுக்குத் தம்பி கம்பிக்கூடு முன்னாடி இருக்கு? முதுகுலதான் இருக்கும். நாப்பது வருஷமா பாக்கறேன்."

"ஃப்ரிட்ஜ் ரோட்டுல ஓடாதுங்களே!"

நியாயமான பேச்சுதான். ஃப்ரிட்ஜ்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மூளையை ஃப்ரிட்ஜில் வைத்துப் பாதுகாக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை, உபயோகித்தால்தானே கெடும்?

கிளம்பினார்கள். முன்சீட்டில் கால் நீட்ட இடமில்லாததால் மனைவி பின்சீட்டில் உட்கார்ந்தார். சகலையின் கார் பின்னால் வந்தது. ஐந்து நிமிடம் ஏசியிலிருந்து பெருமூச்சு மாதிரி ஏதோ வந்தது. பிறகு அதுவும் நின்று, சாதம் வடிக்கும்போது வரும் ஆவி வந்தது. முன்காற்று முழுவதும் காரின் மூக்கில் மோதிப் போய்விட, முதுகில் இருந்த கம்பிக்கூடு மூச்சு முட்டிக் கிடந்தது. இது ஃப்ரிட்ஜ்காரருக்குப் புரிந்தபோது பாதி தூரம் வந்தாகிவிட்டது.

"நிறுத்துங்க" என்றார் மனைவி. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, அவசரமே இல்லாமல் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது.

சகலை தண்ணீர் வாங்குவதற்காக வெகு தூரம் பின்னாலேயே ஒரு கடையில் நின்றிருந்தார்.

"அந்த வெயில்ல நான் நடக்க மாட்டேன். அவங்க வண்டி வரைக்கும் ரிவர்ஸ்ல போங்க."

கட்டிய மனைவியைத் தன் கையாலேயே சகலையின் காரில் சேர்ப்பிக்க, ஃப்ரிட்ஜ்காரர் ரிவர்ஸ் கியரைப் போட்டார். வெறிச்சோடிய சாலை, கோபத்தில் வேகமாகவே மிதித்தார். காற்று இப்போது நேராகக் கம்பிக்கூட்டில் அடித்தது. குளிர்பெட்டி ஒரு முறை தும்மியது. அதன் பிறகு வந்த குளிரை ஃப்ரிட்ஜ்காரரே நாற்பது வருடத்தில் கண்டதில்லை. முன்கண்ணாடியில் பனி படர்ந்தது. மனைவியின் மூக்கில் இருந்த சொட்டு விழ மறந்து, வெள்ளை மூக்குத்தி மாதிரி அங்கேயே உறைந்து நின்றது.

சகலை கார்க் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். "வாங்கக்கா. எனக்கு அப்பவே தெரியும்."

மனைவி கண்ணாடியை ஒரு விரல் அகலம் மட்டும் இறக்கினார். "மாப்ள, நீங்க முன்னாடி போங்க. அப்படியே அந்தச் சால்வையைக் குடுங்க."

பிறகு புருஷனிடம் திரும்பினார். "வண்டியைத் திருப்புங்க."

"எதுக்கு?"

"பின்பக்கம் பொண்ணு வீட்டைப் பாத்து இருக்கணும்ல? ரிவர்ஸ்லயே போலாம்."

மீதி ஆறு கிலோமீட்டரும் அப்படியே போனார்கள். எதிரே வந்தவர்கள் ஓரம் கட்டி வழிவிட்டார்கள். ஒரு லாரி டிரைவர் கும்பிட்டார். ஃப்ரிட்ஜ்காரர் கழுத்தைத் திருப்பிப் பின்பக்கமே பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. அங்கே சால்வை போர்த்தி மனைவி உட்கார்ந்திருந்தார். இத்தனை நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருவரும் பேசிப் பல வருடம் ஆகிவிட்டது.

"என்னையே பாக்காதீங்க. ரோட்டைப் பாருங்க."

"ரோடு உனக்குப் பின்னாடிதானே இருக்கு!"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், ரோடு தெரியட்டும் என்று. ரொம்ப நகரவில்லை.

மகள் வீட்டு வாசலில் மனைவி கம்பீரமாக இறங்கி உள்ளே போனார். ஃப்ரிட்ஜ்காரரும் இறங்கினார். கழுத்து மட்டும் முன்பக்கம் திரும்ப இரண்டு நாள் பிடித்தது.