என்கிறார், சார்

சொக்கலிங்கத்துக்கு மூன்று பாஷை தெரியும். தமிழ், இந்தி, இங்கிலீஷ். மூன்றிலும் அடுத்தவர்களுக்காக வெளுத்து வாங்குவார். தனக்கென்று ஒரு வார்த்தை கேட்க வேண்டி வந்தால் போதும், மூன்றும் ஒன்றாகப் போய்த் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அப்படி ஒரு பிறவி. என்ன செய்வது?

போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் கிடங்கில் அவர் கிளார்க். வந்து ஏழு வருஷமாகிறது. அபர்டீன் பஜாரில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அறை. மனைவி சந்திரமதி ஒரே ஒரு தடவை வந்தாள். கப்பலில் மூன்று நாளும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் பிரசவத்துக்கு மாயவரம் போனவள், ‘இனி என் உயிர் இருக்கிறவரைக்கும் கப்பல் என்ற பேச்சே எடுக்கக் கூடாது’ என்று எழுதிவிட்டாள். பெண் குழந்தை. இப்போது ஆறு வயசு. அந்தப் பெண்ணை அவர் ஒரு போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

ஆறு வருஷமா ஒரு தகப்பன் போகாமல் இருப்பான் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். நாலு தடவை லீவுக்கு எழுதிப் போட்டார். நாலு தடவையும் ‘பதில் ஆள் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. வேறொருவன் என்றால் மேஜையைத் தட்டியிருப்பான். இவர் காகிதத்தை நாலாக மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார்.

போன கப்பலில் சந்திரமதியின் கடிதம் வந்திருந்தது. ‘ஆனி பிறந்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன். பேர் கொடுக்கப் போன இடத்தில் அப்பா எங்கே என்று வாத்தியார் கேட்டதற்கு, போட்டோவில் இருக்கார் என்று சொல்லியிருக்கிறாள். எல்லாரும் சிரித்தார்களாம். வருகிற கப்பலிலாவது ஏறிவிடுங்கள்.’ வருகிற கப்பல் சனிக்கிழமை புறப்படுகிறது. அதை விட்டால் அடுத்தது மூன்று வாரம் கழித்து. லீவும் வேண்டும், கப்பலில் இடமும் வேண்டும். பெரிய இடத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தால் இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

அந்தப் பெரிய இடம் புதன்கிழமை தானாகவே வந்து நின்றது. டெல்லியிலிருந்து சுற்றுப்பயணம் வந்திருந்த அதிகாரிக்கு ஆழ்கடலில் பெரிய சூரை மீன் பிடிக்க வேண்டுமாம். ராஜமாணிக்கம் என்ற மீன்காரரின் மோட்டார் டிங்கிப் படகை ஒரு நாளைக்கு மொத்தமாகப் பேசி அமர்த்தியாகிவிட்டது. டெல்லிக்காரர் வாயைத் திறந்தால் இங்கிலீஷ். ராஜமாணிக்கம் ராமேஸ்வரத்துக்காரர்; தீவுக்கு வந்து பத்து வருஷமாகியும் தமிழைத் தவிர எதையும் நாக்கில் ஏற்றாதவர். நடுவே ஒரு வாய் தேவைப்பட்டது. சொக்கலிங்கத்தைக் கூப்பிட்டார்கள்.

ஹெட் கிளார்க் கிருஷ்ணமூர்த்தி அவரைத் தனியே அழைத்துச் சொன்னார்: “அவர் என்ன சொல்றாரோ அதை இவன்கிட்ட சொல்லு. இவன் சொல்றதை அவர்கிட்ட சொல்லு. நடுவுல உன் சொந்தக் கதையை அவிழ்த்து விட்டேன்னு காதுல விழுந்துது, அடுத்த கப்பல்ல அந்தக் கோடியில இருக்கிற கமோர்ட்டா தீவுக்கு மாத்திடுவேன். புரியுதா?”

“புரியுது சார்.”

மறுநாள் விடிந்து சற்று நேரத்துக்கெல்லாம் ஜங்லிகாட் படகுத் துறையிலிருந்து புறப்பட்டார்கள். சொக்கலிங்கம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பையில் ஐந்தாவது விண்ணப்பம். ராத்திரியே எழுதி வைத்தது.

ராஜமாணிக்கத்துக்கு ஐம்பது வயசிருக்கும். மோட்டார் பக்கத்துக் காது மந்தம். கயிற்றைக் கூடையில் வளையம் வளையமாகச் சுற்றி வைத்திருந்தார். தூண்டில் முள்ளைச் சுற்றி வெள்ளைக் கோழி இறகு கட்டியிருந்தது. அதைப் பின்னால் இழுத்துக்கொண்டே டிங்கி கிழக்கே போயிற்று. ஹேவ்லாக் தீவு வடக்கே ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்து, பிறகு அதுவும் காணாமல் போயிற்று.

“எப்போது மீன் கிடைக்கும் என்று கேள்” என்றார் டெல்லிக்காரர்.

“எப்ப மீன் கிடைக்கும்னு கேக்கறார் அண்ணே.”

“மீனைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லுங்க.”

“பறவைகள் வட்டமிடும் இடத்தில் கிடைக்கும் என்கிறார், சார்.”

இப்படியே மூன்று மணி நேரம். நான் பசியாக இருக்கிறேன், எனக்கு இந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, நான் காஷ்மீரில் பிடித்த மீன் இதைவிட ருசி. காலையிலிருந்து சொக்கலிங்கம் நூறு தடவை ‘நான்’ சொல்லியிருப்பார். ஒன்றாவது அவருடையதா? கிடையாது. இரண்டு பேரும் அவர் மூஞ்சியைப் பார்த்துத்தான் பேசினார்கள், ஆனால் அவரோடு யாரும் பேசவில்லை. அறையிலும் அப்படித்தான், கிடங்கிலும் அப்படித்தான். சுற்றிலும் இவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் அது இன்னும் கொஞ்சம் பெரிதாக வலித்தது.

மோட்டாரை மெல்ல ஓடவிட்டு ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்ததும் டெல்லிக்காரருக்கு மனசு இளகிற்று. “இவனுக்கு இந்தத் தீவு பிடித்திருக்கிறதா என்று கேள்” என்றார்.

சொக்கலிங்கம் கேட்டார்.

“கடல் இருக்கு, படகு இருக்கு. வேற என்ன?” என்றார் ராஜமாணிக்கம்.

அவ்வளவுதான் பதில். ஆறே வார்த்தை. அந்த இடத்தில்தான் சொக்கலிங்கத்துக்கு ஏதோ ஆகிவிட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“கடல் இருக்கிறது, படகு இருக்கிறது என்கிறார், சார். ஆனால் மனைவி அக்கரையில் இருக்கிறாள் என்கிறார். ஆறு வருஷமாகிறதாம். ஒரு பெண் குழந்தை, அதன் முகத்தை இவர் நேரில் பார்த்ததே இல்லையாம். ஆனி மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்களாம். அப்பா எங்கே என்று கேட்டால் போட்டோவில் இருக்கிறார் என்கிறதாம் குழந்தை. நாலு தடவை விண்ணப்பித்து…”

“விண்ணப்பித்தானா? இவனா?”

“கப்பலில் இடத்துக்கு, சார். இடமே கிடைக்கவில்லை என்கிறார்.”

அவர் போட்ட கணக்கு இதுதான்: முதலில் மீன்காரனுக்காக இவர் மனசு உருகட்டும். உருகின சமயம் பார்த்து, ‘எனக்கும் இதே கதைதான், சார்’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். கேட்கிறவனும் தான் அல்ல, கிருஷ்ணமூர்த்தியும் குற்றம் சொல்ல முடியாது. பயந்தவன் மூளைக்கு இந்த மாதிரி குறுக்கு வழிதான் தோன்றும்.

ராஜமாணிக்கம் சந்தேகமாகப் பார்த்தார். “நான் ஒரு வரி சொன்னேன். நீங்க ஒரு கதாகாலட்சேபமே பண்றீங்களே கிளார்க்கய்யா?”

“இங்கிலீஷ்ல கொஞ்சம் நீளமா வரும் அண்ணே.”

டெல்லிக்காரர் ராஜமாணிக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. சொக்கலிங்கம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இதோ, இப்போது சொல்லிவிடலாம். “சார்…” என்று ஆரம்பித்தார்.

கயிறு விர்ரென்று ஓடியது.

அடடா, அதற்கப்புறம் நடந்த கூத்தைப் பார்க்க வேண்டுமே! கூடையிலிருந்து கயிறு வளையம் வளையமாகப் பறந்தது. ராஜமாணிக்கம் டெல்லிக்காரர் கையில் சாக்குத் துணியைச் சுற்றிவிட்டு, கயிறு உரசும் பலகையில் தண்ணீரை ஊற்றினார். “விடு! விடு! இப்ப இழு!” என்று அவர் தமிழில் கத்தினார். “ஐ யாம், ஐ யாம்!” என்று இவர் இங்கிலீஷில் கத்தினார். ஒருவர் சொன்னது ஒருவருக்கு அட்சரம் பிசகாமல் புரிந்தது. சொக்கலிங்கம் ஆரம்பத்தில் இரண்டு வாக்கியம் மொழிபெயர்த்துப் பார்த்தார். “கொஞ்சம் ஒதுங்குங்க அய்யா, காலுல கயிறு மாட்டப் போவுது” என்று ராஜமாணிக்கம் அவரை ஒரு ஓரமாகத் தள்ளினார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவர் அங்கேயே, பெட்ரோல் டின் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மீன் பக்கவாட்டில் மேலே வந்தது. ராஜமாணிக்கம் கொக்கிக் கம்பைப் போட்டு, இரண்டு பேருமாக மூச்சைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். ஒரு ஆள் படுத்த நீளம் இருந்தது. முதுகு கருநீலம், செட்டை மஞ்சப்பொடி பூசின மாதிரி மஞ்சள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். சொக்கலிங்கமும் சிரித்தார். அவரை யாரும் பார்க்கவில்லை.

மூச்சு வாங்கி முடித்ததும் டெல்லிக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

“இவன் பெயர் என்ன சொன்னாய்? ராஜமாணிக்கம். சனிக்கிழமைக் கப்பலில் அவசரத்துக்கென்று ஒரே ஒரு இடத்தை என் பேரில் வைத்திருக்கிறார்கள். அதை இவனுக்குக் கொடுக்கிறேன். போய்க் குழந்தையைப் பார்க்கட்டும்.” எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளைக் கிழித்தார். “உங்களைப் போன்றவர்களுக்காவது விண்ணப்பம் எழுதத் தெரியும், சொக்கலிங்கம். முறையான வழி இருக்கிறது. இவர்களுக்காகப் பேசத்தான் ஆளே இல்லை.”

சொக்கலிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டெல்லிக்காரர் சந்தோஷ மிகுதியில் தாளை நேராக ராஜமாணிக்கத்திடம் நீட்டி, செவிடனிடம் பேசுகிற மாதிரி சத்தமாகத் தன் இந்தியை எடுத்துவிட்டார். “தும்! ஜஹாஸ்! மெட்ராஸ்! பீவி! பீவி!”

பத்து வருஷத்தில் ராஜமாணிக்கம் காதில் நாலு இந்தி வார்த்தையாவது விழுந்திருக்காதா? அவர் தாளைப் பார்த்தார். டெல்லிக்காரரைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி சொக்கலிங்கத்தைப் பார்த்தார்.

“ஜஹாஸ்னா கப்பல், பீவின்னா பொஞ்சாதிதானே? என் பொஞ்சாதி செல்லம் நாலு வருஷத்துக்கு முந்தி காய்ச்சல்ல போய்ட்டா. இந்தத் தீவுலதான் மண்ணுக்குள்ள கிடக்கா. எனக்கு எதுக்கு மெட்ராஸு?” தாளைச் சுட்டிக் காட்டினார். “யாரு பொஞ்சாதி அய்யா அங்க இருக்கறது?”

சொக்கலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு வருஷமாகப் பிள்ளை முகம் பார்க்காத கிடங்கு கிளார்க் ஒருவர் இருக்கிறார் என்று பஜாரில் கேள்விப்பட்டிருந்த ராஜமாணிக்கத்துக்கு அதிலேயே விஷயம் விளங்கிவிட்டது. ராஜமாணிக்கம் கோபப்பட்டிருக்கலாம். செத்துப்போன மனைவியை வைத்துக் கதை கட்டியதற்கு ரெண்டு அறை கொடுத்திருந்தாலும் தப்பில்லை. ஆனால் அந்த மனுஷன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

“சரி, இப்ப நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க அந்த ஆளுகிட்ட. இந்தச் சீட்டு எனக்கு வேண்டாம். ஆறு வருஷமா பிள்ளை முகத்தைப் பார்க்காத ஆளு இந்தா உங்க முன்னாடியே உக்காந்திருக்கான். வாய் இருந்தும் ஊமை. என் பேரை அடிச்சுட்டு அவன் பேரை எழுதுங்க, லீவும் வாங்கிக் கொடுங்கன்னு ராஜமாணிக்கம் சொல்றான். சொல்லுங்க!”

“என்ன சொல்கிறான்?” என்று டெல்லிக்காரர் சிரித்தபடி கேட்டார்.

இதைவிட ஒருவனுக்கு வேறென்ன சந்தர்ப்பம் வேண்டும்? வார்த்தைகூடத் தயாராக இருந்தது. வேறொருவர் கோத்துக் கையில் கொடுத்தது. பாஷை மாற்றினால் போதும். சொக்கலிங்கம் வாயைத் திறந்தார். கிருஷ்ணமூர்த்தியின் முகம் தெரிந்தது. பொய் சொன்னாயா என்று இந்தச் சிரித்த முகம் மாறப்போவது தெரிந்தது. சிவப்பு மை தெரிந்தது.

“ரொம்ப நன்றி என்கிறார், சார்.”

டெல்லிக்காரர் பெருமையாகத் தலையாட்டிவிட்டு மீன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராஜமாணிக்கம் விழித்தார். “நான் எம்புட்டு பேசினேன்! நீங்க தேங்க்யூ ஒண்ணோட முடிச்சுட்டீங்களே. காலையில ஒரு வரியை அம்மாம் பெருசா இழுத்தீங்க, இப்ப மட்டும் இங்கிலீஷ் சுருங்கிப் போச்சா?”

கரை வந்து சேரும்வரை மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

ஜங்லிகாட்டில் டெல்லிக்காரர் மீனுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். படகுக்காரரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சொக்கலிங்கம் கேமராவைப் பிடித்தார். அந்தப் படத்திலும் அவர் இல்லை. ஜீப் வந்து அதிகாரியையும் முக்கால்வாசி மீனையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

ராஜமாணிக்கம் மிச்சத்திலிருந்து வயிற்றுத் துண்டு ஒன்றை நறுக்கி, இலையில் சுற்றிக் கையில் கொடுத்தார். “ஒத்தை ஆளு, இதுவே ரெண்டு நாளைக்கு வரும்” என்றார். பிறகு கேட்டார்: “பேரு என்ன?”

“சொக்கலிங்கம்.”

“உங்க பேரு தெரியும். பிள்ளை பேரு.”

சொக்கலிங்கம் மெதுவாகச் சொன்னார். மந்தக் காது. “கேக்கல, சத்தமா சொல்லுங்க.”

“அன்னம்மாள்” என்று சத்தமாகச் சொன்னார். சொன்னதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் அம்மாவின் பெயரையே வைக்கும்படி கடிதத்தில் எழுதிப் போட்டிருந்தார். ஆறு வருஷமாகக் கடிதத்தில்தான் அந்தப் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். வாய்விட்டு அவளை அழைத்ததில்லை. யாரும் கேட்காததால் யாரிடமும் சொன்னதும் இல்லை. நின்ற இடத்திலேயே குழந்தை மாதிரி அழுதார்.

“நல்லாத்தானே பேச வருது” என்றார் ராஜமாணிக்கம். “இதை அங்க சொல்லியிருக்கலாமே அய்யா.”

அதிகாரி மறுநாள் காலையே வடக்கே தீவுகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை சொக்கலிங்கம் கிடங்கில் கம்பளிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது கப்பல் ஊதியது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது நீளமாக. ராஜமாணிக்கம் என்ற பெயரில் ஒரு படுக்கை, ஆள் இல்லாமல் மெட்ராஸ் போய்க்கொண்டிருந்தது. சொக்கலிங்கம் கம்பளிகளைக் கீழே வைத்தார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்று, தெளிவான இங்கிலீஷில், ஒரு பிழையில்லாமல், உரக்கச் சொன்னார்:

“எனக்கு ஆறு வயசில் ஒரு பெண் இருக்கிறாள், சார். அவள் பெயர் அன்னம்மாள். நான் அவளைப் பார்க்க வேண்டும், சார்.”

பியூன் சண்முகம் கதவு வழியாக எட்டிப் பார்த்தான். உள்ளே வேறு யாரும் இல்லை.

“யாரு சார் சொல்றது?” என்று கேட்டான்.

“நான்தான்” என்றார் சொக்கலிங்கம்.