ஒருத்தி மட்டும் வந்திருந்த கூட்டம்

தேசிய ஒளிபரப்புக் கழகத்தின் நிர்வாகக் குழுவுக்கு நான் செயலாளர். பெரிய பதவி போலத் தெரியும். கூட்டம் நடக்கும்போது மினிட்ஸ் எழுதுவதும், முடிந்ததும் மிச்ச பிஸ்கட்டை டப்பாவில் போட்டு மூடுவதும்தான் வேலை. பதினாறு வருடமாக அந்தப் புத்தகத்தில் நான் எழுதிய வாக்கியம் ஒன்றே ஒன்று: 'தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.' அந்த ஒரு மனம் யாருடையது என்று நான் கேட்டதில்லை. சம்பளம் ஒழுங்காக வந்தது.

குழுவில் ஒன்பது இடம். எட்டுப் பேரை அமைச்சகம் நியமிக்கும். ஒருவரை ஊழியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவார்கள். குழு இருக்கும்வரை செய்திப் பிரிவில் அமைச்சகம் கை வைக்க முடியாது. ஆனால் தொண்ணூறு நாள் குழு கூட்டமே நடத்தாவிட்டால் அதன் அதிகாரம் மொத்தமும் அமைச்சகத்துக்குப் போய்விடும். விதிப் புத்தகத்தில் இந்த வரியைப் படித்த யாரோ ஒரு புத்திசாலி, எட்டுப் பேரின் பதவிக்காலம் முடிய முடிய அந்த இடங்களை நிரப்பாமலே விட்டார். எட்டு நாற்காலியும் காலி. அதிலும் திருப்தியில்லாமல் போர்டு ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தொண்ணூறாவது நாள் மதியம் இரண்டு மணிக்கு ஒன்பதாவது உறுப்பினர் என் மேஜைக்கு வந்தார். மேக்கப் அக்கா. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கட்டடத்தில் திரையில் தெரியும் எல்லா முகத்துக்கும் பவுடர் போடுகிறவர். கையில் குழுவின் விதிப் புத்தகம். பக்கம் பக்கமாக ஃபவுண்டேஷன் கறை.

"சார், கூட்டம் நடத்த எத்தனை பேர் வேணும்?"

"மூணுல ஒரு பங்கு."

"எதுல மூணுல ஒரு பங்கு? படிங்க."

படித்தேன். 'அன்றைய தேதியில் பதவியில் உள்ள உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு. பின்னம் வந்தால் ஒன்றாகக் கொள்ளப்படும்.'

"இன்னைக்குப் பதவியில எத்தனை பேரு?"

"நீங்க மட்டும்தான்க்கா."

"என்னை மூணாப் பங்கு போட்டா?"

"பின்னம்தான் வரும். அதை ஒண்ணா எடுத்துக்கணும்."

"அப்ப நான் போதும்ல?"

எங்கிருந்தோ எனக்கு ஒரு சிரிப்பு கிளம்பியது. பதினாறு வருடத்தில் அந்த மேஜையில் நான் சிரித்ததாக ஞாபகமில்லை.

"மூணு மணி நேரம் முன்னாடி நோட்டீஸ் ஒட்டணும்" என்றேன். "அலுவலக நேரம் ஆறு மணியோட முடியுது. அஞ்சரைக்கு வச்சுக்கலாம்."

"அஞ்சேகாலுக்கு மந்திரி வர்றாரு. ஆறு மணிக்கு லைவ். குழு செத்துப்போச்சு, இனிமே செய்தியை நாங்களே பார்த்துக்கறோம்னு சொல்லப் போறாராம். அவருக்கு மேக்கப் நான்தான். டூட்டியை விட்டு எழுந்து போனா சஸ்பெண்டு. சஸ்பெண்டு ஆனா மெம்பர் பதவியும் போச்சு."

"அப்ப கூட்டம் எங்க நடத்தறது?"

"கட்டடத்துக்குள்ள எங்க வேணா நடத்தலாம்னு போட்டிருக்கு. மேக்கப் ரூம்லயே நடத்துவோம். பசை இருக்கா?"

நோட்டீஸ் மேக்கப் ரூம் கதவில் ஏறியது. ஐந்தேகாலுக்கு மந்திரி வந்தார். அவருடைய பி.ஏ. வெளியே நின்று, கதவில் சாய்ந்துகொண்டு, போனில் யாரையோ திட்டத் தொடங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் எங்கள் நோட்டீஸ் மறைந்தது.

அறை சின்னது. ஒரு நாற்காலி, சுற்றிலும் பல்பு எரியும் கண்ணாடி, விக் மாட்டிய மூன்று மரத் தலைகள். நான் மூலையில் ஸ்டூலில் மினிட்ஸ் புத்தகத்தோடு ஒடுங்கினேன்.

"இவர் யாரு?" என்றார் மந்திரி.

"குறிப்பு எடுக்கிறவர் சார்" என்றார் அக்கா. பொய்யில்லை. மந்திரி ஏதோ ஷேடு நம்பர் குறிக்க வந்தவன் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அவர் கழுத்தில் துணியைக் கட்டி வேலையைத் தொடங்கினார்.

சரியாக ஐந்தரைக்கு, கையை நிறுத்தாமலே சொன்னார்: "கூட்டம் ஆரம்பிக்குது. வந்திருக்கிறது ஒருத்தர். போதுமான எண்ணிக்கை. தலைவர் இடம் காலியா இருக்கறதால முதல்ல தலைவரைத் தேர்ந்தெடுக்கணும். என்னை நான் முன்மொழியறேன்." வலது கன்னத்தில் பஃப். நாற்காலியைச் சுற்றி வந்தார். "வழிமொழியறேன்." இடது கன்னத்தில் பஃப். "போட்டி யாராவது?"

ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது என்று விதியில் இல்லை. அப்படி ஒரு பைத்தியக்காரக் கூட்டம் நடக்கும் என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். மரத் தலைகள் அசையவில்லை.

"போட்டியில்லை" என்று எழுதினேன்.

மந்திரி ஒரு கண்ணைத் திறந்தார். "என்னம்மா நடக்குது?"

"மீட்டிங் சார். புருவத்தைத் தூக்காதீங்க."

"என்ன மீட்டிங்?"

"நிர்வாகக் குழு. தொண்ணூறாவது நாள் கூட்டம்."

மந்திரி துள்ளி எழுந்தார். எழுந்தவர் கண்ணாடியைப் பார்த்தார். பாதி முகம் தேர்தல் போஸ்டர். மீதிப் பாதி, போஸ்டரைக் கிழித்த பிறகு மிஞ்சும் சுவர். மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே பி.ஏ.வைக் கூப்பிட்டார்.

பி.ஏ. ஓடி வந்தார். விஷயம் கேட்டதும் என்னிடம் பாய்ந்தார். "இது செல்லாது! நோட்டீஸ் எங்கே?"

"மூணு மணி நேரமா கதவுல இருந்துச்சு சார்."

"எந்தக் கதவுல? காமிங்க!" என்று திரும்பினார். ஆபீஸ் பசை மூன்று மணி நேரமாகியும் சரியாகக் காயாததால் நோட்டீஸ் அவர் கோட்டின் முதுகில் பளிச்சென்று ஒட்டியிருந்தது. மந்திரியே படித்தார், வாய்விட்டு, தேதி நேரத்தோடு. படித்து முடித்ததும் "வெளியே போய்யா" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, உனக்கு என்ன வேணும் சொல்லு. இந்தக் குழுவுக்கு உன்னையே தலைவராப் போட்டுடறேன்."

"இப்பதான் சார் ஆனேன். மூணு நிமிஷம் இருக்கும்."

"நாளைக்கே உன்னை எங்கே தூக்கி அடிப்பேன் தெரியுமா?"

"குழு மெம்பரை மாத்தணும்னா குழு சம்மதிக்கணும் சார். உதட்டை மூடுங்க, லிப் பாம் போடறேன்."

மந்திரி உதட்டை மூடினார். பயமா பழக்கமா தெரியவில்லை. அக்காவின் கை லிப் பாம் டப்பாவைத் திறந்தது. வீட்டில் படிக்கிற பெண் இரண்டு பேர், வேலைக்குப் போகாத தம்பி ஒருவன். எல்லாம் இந்தக் கையை நம்பித்தான்.

"ரெண்டாவது தீர்மானம்" என்றார். "செய்தி ஆசிரியரோட பதவி மூணு வருஷம் நீட்டிக்கப்படுது. எந்தச் செய்தி போகணும், எது போகக் கூடாதுங்கறதை அவரைத் தவிர வேற யாரும் சொல்லக் கூடாது. முன்மொழியறேன்." வலது கண்ணுக்குக் கீழே ஒரு தீற்றல். சுற்றி வந்தார். "வழிமொழியறேன். எதிர்ப்பு?"

மந்திரி துணிக்கடியிலிருந்து கையைத் தூக்கினார்.

"பார்வையாளருக்கு ஓட்டு இல்ல சார்."

'ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்ததில் ரத்தமே வந்துவிட்டது.

மீதி முகத்தையும் அக்கா குறையில்லாமல் முடித்தார். மந்திரி போன பிறகு கேட்டேன்: "பாதியில விட்டிருக்கலாமேக்கா?"

"முகம் என் வேலை. அதுல விளையாட மாட்டேன்."

ஆறு மணிக்கு மேக்கப் ரூம் டி.வி.யில் மந்திரி லைவாகச் சிரித்தார். "ஒளிபரப்புக் கழகத்தின் நிர்வாகக் குழு இன்று முழுச் சுதந்திரத்துடன் இயங்குகிறது என்றால் அது இந்த அரசின் சாதனை. இன்று மாலைகூட அதன் கூட்டத்தில் ஒரு சாதாரணப் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன்" என்றார். கூச்சமே இல்லை. அக்கா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் மரத் தலையில் முட்டிக்கொண்டு சிரித்தேன்.

ஆறு இருபத்தைந்துக்குச் செய்தி ஆசிரியர் மூச்சிரைக்க வந்தார். ஒவ்வொரு செய்திக்கும் அமைச்சகத்துக்குப் போன் போட்டுக் கேட்டே பழகிய மனிதர். கையில் ஒரு தாள்.

"அக்கா, புது ஆஸ்பத்திரி மேட்டர். மந்திரி திறந்து வச்சதுல குழாய் இருக்கு, பின்னாடி தண்ணி வர்ற பைப்பே இல்ல. மூணு வாரமா வச்சிருக்கேன். போடலாமா?"

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

"நீங்கதானே குழு?"

"வேற யாரும் சொல்லக் கூடாதுன்னு தீர்மானம் போட்டேனே, அதுல நானும்தான் சேர்த்தி."

"சும்மா ஒரு வார்த்தைக்கா. அஃபீஷியலா இல்ல."

"அப்படித்தான் அவங்களும் சொல்லுவாங்க."

என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாவது?"

"நான் மினிட்ஸ் எழுதறவன் சார்."

"சரி, வேண்டாம்னாவது சொல்லுங்களேன்!"

"வேண்டாம்னா விட்டுடுவீங்களா?" என்றார் அக்கா.

அவர் திருதிருவென்று விழித்தார். யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை போலும். தாளைப் பார்த்தார். "விட மாட்டேன்" என்றார், தனக்கே ஆச்சரியமாக.

"அப்புறம் ஏன் இங்க நிக்கறீங்க? மணி என்ன?"

ஓடினார். படியில் பாதி இறங்கியவர் நின்று தலையை நீட்டினார். "அக்கா, முதல் செய்தியாப் போடறதா, மூணாவதாவா?"

"போய்யா!" என்று இரண்டு பேரும் கத்தினோம்.

ஆறரைச் செய்தியில் அது முதலாவதாகவும் வந்தது, மூன்றாவதாகவும் வந்தது.