பதினேழாம் எண்

எங்கள் பள்ளியில் வருகை எடுக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண்தான். என் ஐந்தாம் வகுப்பில் முப்பத்திரண்டு எண்கள். விடுமுறை முடிந்து திரும்பியவர்கள் முப்பத்தோரு பேர். பதினேழாம் எண்ணைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. ஆனால் ஆண்டு முடியும்வரை பதிவேட்டில் எந்த எண்ணையும் அடிக்கக் கூடாது என்பது அலுவலக விதி.

திங்கட்கிழமை, பழக்கதோஷம், பதினாறு முடிந்ததும் "பதினேழு" என்றுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் பதில் வந்தது.

"உள்ளேன் டீச்சர்."

"யாரது? செத்துப்போன பிள்ளைய வெச்சு விளையாட்டா?" என்று கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊரறிந்த விஷயம். பதினெட்டாம் எண்ணைத்தான் முதலில் முறைத்தேன். பதினேழின் பக்கத்து இடம் அவளுடையது. ஆள் அத்தனை சிறியவள் என்பதால் எல்லோருக்கும் 'பட்டாணி'. ஆனால் அவளுக்கு அந்த வாரம் தொண்டை கட்டியிருந்தது; பேசினால் காற்றுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை உஷாராகப் பதினாறிலிருந்து பதினெட்டுக்குத் தாவினேன். நடுவில் அதே குரல், "உள்ளேன் டீச்சர்." அன்று நீர் சுழற்சி நடத்தினேன். கரும்பலகையில் மேகத்தைக் கடலுக்குக் கீழே வரைந்துவிட்டேன்.

யாரிடமும் நான் சொல்லாத ஒன்று உண்டு. விடுமுறைக்கு முந்தின நாள், பின்னக் கணக்கு நடந்தபோது, பதினேழாம் எண் மேசையில் தலை சாய்த்திருந்தாள். "காய்ச்சலா இருக்கு டீச்சர், வீட்டுக்குப் போகட்டுமா?"

"கணக்குன்னாலே உனக்குக் காய்ச்சல்தான். நடிக்காத. முடிக்காம எழுந்திருக்கக் கூடாது" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

புதன்கிழமை கணக்கு நோட்டுகளைத் திருத்தினேன். முக்காலோடு அரையைக் கூட்ட வேண்டும். ஒரு நோட்டில் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஆறில் நான்கு என்று விடை. பெருக்கல் குறி போட்டு 'திருத்தி எழுதவும்' என்று எழுதி மூடினேன். பிறகுதான் அட்டையைப் பார்த்தேன். எண் 17. அடுக்கை எண்ணினேன். முப்பத்திரண்டு நோட்டுகள். மறுபடியும் எண்ணினேன், அதேதான்.

வியாழக்கிழமை விடுப்புக் கடிதம் எழுதும் பாடம். கணக்கு நோட்டிலேயே எழுதச் சொன்னேன். அடுக்கு வந்ததும் நேராக அந்த நோட்டைத்தான் உருவினேன். கணக்கு திருத்தப்பட்டிருந்தது: ஒன்றேகால். அடுத்த பக்கத்தில் கடிதம்.

'மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு, வணக்கம். எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் வீட்டுக்குப் போக அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் நடிக்கவில்லை. கணக்கை முடித்துவிட்டேன். இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள மாணவி, எண் 17.'

வெள்ளிக்கிழமை காலையிலேயே பட்டாணியை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"நீ எழுதினதா?"

"கை என்னோடது டீச்சர்" என்று கிசுகிசுத்தாள். "அவ சொல்லச் சொல்ல எழுதினேன்."

"எதுக்கும்மா?"

"முடிக்காம எழுந்திருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னும் உக்காந்தே இருக்கா. நாங்க எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும்."

உள்ளே போய் வகுப்பின் முன்னால் நின்றேன்.

"அன்னிக்கு அவ நடிக்கல. நெஜமாவே காய்ச்சல். நான் நம்பல, எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணேன். தப்பு என்னோடது."

கடிதத்தின் கீழே 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நோட்டை அந்தக் காலி இடத்தில் வைத்தேன். "நீ வீட்டுக்குப் போம்மா" என்றேன்.

பட்டாணி எழுந்து, பையை நகர்த்தி, வழிவிட்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு மறுபடியும் வருகை எடுக்க வேண்டும். பதினாறு சொன்னேன், பதில் வந்தது. வேண்டுமென்றேதான் "பதினேழு" என்றேன்.

யாரும் பதில் சொல்லவில்லை. முப்பத்தோரு பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தை விட்டு இன்னொரு முறை கூப்பிட்டேன்.