உட்கார இடமில்லாத வீடு

சுபத்ராவின் வீட்டுக்குள் நுழைந்ததும் திகைத்து நின்றுவிட்டேன். ஹாலில் சோபா இல்லை. ஒரு நாற்காலிகூட இல்லை. எட்டிப் பார்த்தால், படுக்கையறையில் கட்டிலும் இல்லை. வீட்டைக் காலி செய்கிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

என் பெயர் ஈவ்லின். கிழக்குத் தாம்பரத்தில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். சுபத்ரா பள்ளி ஆசிரியை. கோவிட் வந்துபோன பிறகு அவளுக்குக் காய்ச்சல் விட்டது, அசதி விடவில்லை. தலை சீவினால் மூச்சு வாங்கும், குளித்துவிட்டு வந்தால் படபடப்பு. லீவு மேல் லீவு. என்னிடம் வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். பள்ளிக்கூடம் திறக்கும்போது வகுப்பில் போய் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. நிற்க வைக்கிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டிலேயே நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவள் கணவர் வினோத்குமார் போனில் சொன்னார். அந்தக் குரலில் இருந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கவில்லை. சேலையூரில் வேறொரு நோயாளியைப் பார்க்கப் போனவள், சொல்லாமல் கொள்ளாமல் இங்கேயும் வந்துவிட்டேன்.

சுபத்ரா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டியை மடக்கி உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி தறிகெட்டு ஓடியது. போன மாதம் மாடிப்படி ஏறிக் காட்டியவள் இவள்.

சோபாவெல்லாம் எங்கே என்று வினோத்குமாரிடம் கேட்டேன்.

"மாடி ரூம்ல போட்டுப் பூட்டிட்டேன் மேடம். இருந்தா உக்காந்துடறா. உக்காந்தா படுத்துடறா."

பெருமையாகத்தான் சொன்னார். மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அங்கே மெஷின் நிற்கக் கூடாது, இங்கே பெண்டாட்டி ஓயக் கூடாது. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பச்சையம்மாவையும் நிறுத்திவிட்டாராம், பாத்திரம் தேய்ப்பதும் எக்சர்சைஸ்தானே என்று. பகலில் அவள் கண் சொருகினால் தட்டி எழுப்புவாராம். அவர் வேலைக்குப் போன நாட்களில், அவளைத் தூங்கவிடாமல் போன் அடித்துக்கொண்டே இருக்குமாம்.

எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், ஓய்வுதான் இதற்குப் பாதி வைத்தியம் என்று இவர் எதிரில்தானே படித்துப் படித்துச் சொன்னேன்? உடம்பை அசைக்க வேண்டும் என்றது மட்டும் காதில் ஏறியிருக்கிறது. இப்படியே போனால் வகுப்பில் என்ன, சமையலறையில்கூட இவளால் நிற்க முடியாது, படுத்த படுக்கையாகிவிடுவாள் என்று கத்தினேன்.

படுக்கை என்றதும் அவர் முகம் செத்துப்போனது.

"எங்க அண்ணனும் கோவிட்லதான் மேடம். கொஞ்சம் தூங்கறேன்டான்னாரு. தூங்கட்டும்னு நான்தான் கதவைச் சாத்திட்டு வந்தேன். எழுந்துக்கவே இல்ல."

சுபத்ரா அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தாள். கணவரின் அண்ணன் மதியழகன் தூக்கத்தில் போனது அவளுக்குத் தெரியும். கதவைச் சாத்தியது யார் என்பது அன்றுவரை தெரியாது.

அவ்வளவு நேரம் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் நான் விடவில்லை. மாடியிலிருந்து மெத்தையை எடுத்துவரச் சொன்னேன். ஹாலிலேயே விரித்து, ஃபேனைப் போட்டு, அவளைப் படுக்க வைத்தேன். விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது, நாடியும் மெல்ல இறங்கியது. இன்றைக்கு இதுதான் பயிற்சி என்றேன்.

அவர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம்கூடப் பொறுக்க முடியவில்லை.

"சுபா."

"ம்."

மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் "ம்" என்றாள். அடுத்த முறை பதில் வரவில்லை.

அவர் பதறி எழுந்தார். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அவள் வயிறு ஏறி இறங்குவதைக் காட்டினேன். இமைக்காமல் அதையே பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவளைக் கூப்பிட இன்னொரு முறை வாயைத் திறந்தார். பிறகு தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.