மீனும் இறாலும் பிரேம் கடையும்

பிரேம் கடைக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. மேசைமேல் கண்ணாடியைப் பரப்பி, அளவுகோலை வைத்து, கட்டரைக் கையில் எடுத்தபின் உடனே கோடு இழுக்கமாட்டார். தலையைச் சற்றே சாய்த்து ஒரு கணம் நிற்பார். அதன் பிறகே கை நகரும். ஏன் என்று கேட்டால், "கைக்குத் தானா ஒரு நேரம் வரும்" என்பார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது.

அவர் வேலை செய்வது பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்த உள்ளறையில். முன்புறம், வாசலை ஒட்டிய முக்காலியில், அவருடைய மனைவியின் தம்பி அமர்ந்திருப்பார். வருகிறவர்களோடு பேசுவார், எதிர்ச்சாரியிலிருந்த முடிதிருத்துகிறவரோடு தெருவைத் தாண்டிப் பேசுவார், பேச ஆளில்லையென்றால் சும்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள், காட்டிலும் கடலிலும் படமெடுக்கும் பெண் ஒருவர் தம் கண்காட்சிப் படங்களைப் பிரேம் போடக் கொண்டுவந்தார். ஒன்றையொன்று அண்டி வாழும் உயிர்களின் படங்கள். எருமை முதுகில் உண்ணி பொறுக்கும் பறவை. கடற்சாமந்தி என்னும் பூப்போன்ற உயிரை ஓட்டின்மேல் சுமந்து திரியும் நண்டு. கடலடி மணலில் ஒரே வளையில் குடியிருக்கும் மீனும் இறாலும். கடைக்கு வந்திருந்தவர்களும் சூழ்ந்து நின்று பார்த்தார்கள்.

"இந்த இறால் என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நாள் பூரா மண்ணை அள்ளிக் கொட்டி வளை தோண்டும், அண்ணே."

"மீனு?"

"அது வாசல்ல நிக்கும். ஏன்னா—"

"அட, இந்த மீனு நம்ம கடையிலயும் ஒண்ணு இருக்கே. நான்தான் தீனி போட்டு வளக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். முக்காலியில் இருந்தவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் அவர் கடைக்கு வரவில்லை.

"வெளியூர்ல வேலை தேடிக்கறானாம். நாளைக்குக் கிளம்பறான்" என்றாள் மனைவி. "ஊர்ப் படத்துக்கெல்லாம் கண்ணாடி போடறீங்க. உங்க வாய்க்கு ஒண்ணு போட்டு மூடக்கூடாதா?"

"விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று முணுமுணுத்துவிட்டு அவர் கடைக்குப் போனார்.

மீன் படத்துக்கான கண்ணாடியைப் பரப்பினார். தலையைச் சாய்த்தார். கை நகரவில்லை. எதற்கோ காத்திருந்தார், எது வரவேண்டும் என்று விளங்கவில்லை. வருவது வரட்டும் என்று கோடு இழுத்தார். அதே கணத்தில் எவரோ வந்து முன்மேசையில் கையூன்ற, தடுப்பும் வெட்டுமேசையும் சேர்ந்து அதிர்ந்தன. கோடு கோணி, கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டது.

கட்டருக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தார். மின்விசிறியின் சத்தம் கெடுக்கிறதோ என்று அதை நிறுத்தினார். சத்தம் இல்லாததுதான் கெடுக்கிறதோ என்று மீண்டும் போட்டார். அடுத்த கண்ணாடியும் போயிற்று. இடையில் ஒருவருக்கு அவருடைய பட்டச் சான்றிதழுக்குப் பதிலாக வேறெவர் வீட்டுக் குடும்பப் படத்தையோ கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை படங்களை வாங்கிப் போக வந்த பெண் உடைசல்களைப் பார்த்துத் திகைத்தார். "என்னண்ணே இது?"

"தெரியலைம்மா. எதுக்கோ காத்துக்கிட்டு நிக்கறேன். எதுக்குன்னுதான் பிடிபடலை."

பிரேம் போடாமல் கிடந்த மீன் படத்தைப் பெண் கையிலெடுத்தார். "அன்னிக்கு நீங்க முழுசாச் சொல்ல விடலை. இறாலுக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாது. மீசையை மீன்மேல வச்சுக்கிட்டுத்தான் வெளிய வரும். ஏதாவது ஆபத்துன்னா மீன் வாலை ஆட்டும். இது உள்ள ஓடிடும்."

கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அச்சில் விழுந்த கீறல் என்று அவர் எண்ணியிருந்தது இறாலின் மீசை. அதன் நுனி மீனின் வாலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முன்புறம் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். கைக்கு எட்டும் இடத்தில், தடுப்புப் பலகையின் ஓரிடம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது. அதை விரல்முட்டியால் ஒருமுறை தட்டினார். அவர் தலை தானாகச் சாய்ந்தது.

மைத்துனர் எதிர்க்கடையில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார். காலடியில் பயணப் பை. கடைக்காரர் எழுந்து நேரே அங்கே போய் நின்றார். முடிதிருத்துகிறவர் கத்தியை நிறுத்தினார். காத்திருந்தவர்கள் செய்தித்தாளை இறக்கினார்கள்.

"மாப்ளே, நாலு பேர் முன்னாடி சொன்னேன். நாலு பேர் முன்னாடியே சொல்றேன், நான் பேசினது தப்பு. வாசல்ல ஆளில்லைன்னு நீ தட்டினப்புறம்தான் இத்தனை வருஷமா என் கட்டர் ஓடியிருக்கு."

நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அது உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன், அத்தான்."

"காதுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியலை."

"அப்போ நான் மீனுதானா?"

"அதெல்லாம் குழப்பமாத்தான் இருக்கு, மாப்ளே. நீ இல்லாம நேத்து முழுக்க நான் இறாலாக்கூட இல்லை."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். இம்முறை சிரிப்புக்குரியவர் கடைக்காரர். அதை அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். சவரம் முடியும்வரை அங்கேயே நின்றார். பிறகு மைத்துனரை முந்திக்கொண்டு குனிந்து, பயணப் பையைத் தாமே தூக்கித் தெருவைக் கடந்து, முக்காலியைத் தோள்துண்டால் துடைத்துப் போட்டார்.