மிச்ச ஊசி

ஞாயிறு மத்தியானம், மரத்துப்போகப் பூசிய க்ரீம் விட்டதும் மதிக்கு மூக்கோரம் வலிக்க ஆரம்பித்தது. கங்கு ஒன்றைத் தோலுக்குள் வைத்துத் தைத்தது போன்ற எரிச்சல். சோற்றை மெல்ல முடியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் ஜெஸ்லின். இரண்டு மணி நேரத்துக்கு முன் அந்த இடத்தில் ஊசி போட்டவளும் அவள்தான். மதியின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். மூக்கு மடிப்பிலிருந்து மேலுதடு வரை தோல் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடத்தில் ரத்தம் திரும்பி ஊறவில்லை.

"இன்னாக்கா இப்டி எரியுது?"

"வீக்கம்தான்டி. ஐஸ் வெச்சிக்கினு படு. ரெண்டு நாள்ல வத்திப்பூடும்."

அது வீக்கம் இல்லை என்று ஜெஸ்லினுக்குத் தெரியும்.

ஒன்பது வருடமாக அவள் தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் ஏறி, அண்ணா நகரில் ஒரு தோல் கிளினிக்குக்கு உதவியாளாகப் போகிறாள். ஹையலூரானிக் அமில ஜெல் அங்கே மூன்று வகை. உடம்பிலேயே ஊறுகிற பொருள்தான், தண்ணீரைப் பிடித்துவைத்துத் தோலை உப்பவைக்கும், மாதக்கணக்கில் நின்று பிறகு தானாகக் கரைந்துவிடும் என்று டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இளகியது உதட்டுக்கு. நடுத்தரமானது மூக்கோர மடிப்புக்கு. கெட்டியானது எலும்பை ஒட்டி ஆழமாக, தாடைக்கும் கன்ன எலும்புக்கும். ஜெல் ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் கரைக்கும் மருந்தை உடனே போட வேண்டும். ஒருமுறை ஒரு கல்யாணப்பெண்ணுக்கு இப்படித்தான் வெளுத்தது. டாக்டர் அந்த நிமிஷமே கரைப்பு மருந்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தவள் ஜெஸ்லின்.

பாதி மிஞ்சிய ஊசிகளைக் குப்பையில் போட வேண்டும். அவள் சிலதைச் சோற்று டப்பாவில் ஐஸோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முதலில் தன் உதட்டுக்கே போட்டுக்கொண்டாள். குளவி கொட்டின மாதிரி கீது என்று புருஷன் ஆன்றோ கேலி செய்தான். கெடுதல் ஒன்றும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்குப் போட்டாள். அதிலும் இல்லை.

டி.பி. வந்து தேறியதில் மதிக்குக் கன்னம் ஒட்டி, மூக்கோரம் குழி விழுந்துவிட்டது. வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் பட்டு கவுன்ட்டரில் நின்றவளை, சீக்கு மூஞ்சியைப் பார்த்து எவன் முகூர்த்தப் புடவை எடுப்பான் என்று முதலாளி குடோனுக்கு அனுப்பிவிட்டார். ஆவணிக்குள் மூஞ்சி தேறினால் திரும்ப கவுன்ட்டர் என்றார். மதி வந்து கெஞ்சினாள். அந்த வாரம் மிஞ்சியது கெட்டி ஜெல். கெட்டியானதுதான் நாள் தாங்கும் என்று ஜெஸ்லின் கணக்குப் போட்டாள். பருப்புக்கும் துணிக்கும் அவள் பார்க்கிற கணக்கு அது. மடிப்பில் தோலை ஒட்டி மேலாக, ஒரே அழுத்தாக அழுத்தி ஏற்றினாள்.

திங்களன்று கிளினிக் ஃபிரிட்ஜில் கரைப்பு மருந்து கண்ணெதிரே இருந்தது. ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று டாக்டரே கேட்டார். சொன்னால் வேலை போகும், போலீஸும் வரலாம். ஹார்பரில் கால் முறிந்து ஆன்றோ படுத்து ஐந்து மாதம் ஆகிறது. தூக்கமில்லை என்று சொல்லிவிட்டு ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது மதியின் கன்னத்தில் மீன் வலை விரித்தாற்போல் ஊதா நிறம் படர்ந்திருந்தது. அப்போதும் ஐஸ் வைக்கத்தான் சொன்னாள்.

செவ்வாயன்று சீழ்க்கொப்புளம் கிளம்பியது. கொடுங்கையூர் குப்பைமேட்டு வேலையிலிருந்து ஓடிவந்த மதியின் அம்மா தாயம்மா, மகளை ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஜெஸ்லினும் கூடப் போனாள். யார் போட்டது என்று டாக்டரம்மா கேட்டார். ஏதோ பார்லர், பேர் தெரியாது என்று மதி சொன்னாள். கண் ஆபரேஷனுக்கென்று வைத்திருக்கும் கரைப்பு மருந்தைக் கண் வார்டிலிருந்து வரவழைத்துத் திரும்பத் திரும்பக் குத்தினார்கள்.

"மொத நாளே வந்திருந்தா தோலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "மூணு நாள் என்ன பண்ணீங்க?"

வராந்தாவில் தாயம்மா ஜெஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஊசி போட்டவ கை வெளங்காமப் பூட" என்றாள். ஜெஸ்லின் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கருத்த தோல் மூன்றாவது வாரம் உரிந்தது. மூக்கின் இடது ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. குடோனுக்கும் வர வேண்டாம் என்று கடையிலிருந்து சொல்லியனுப்பினார்கள்.

ஜெஸ்லின் தினமும் கஞ்சி கொண்டுபோகிறாள்; களிம்பு வாங்கித் தருகிறாள். நேற்று அவள் வாய் திறப்பதற்குள் மதி முந்திக்கொண்டாள்.

"நீ இன்னாக்கா பண்ணுவ? ஆஸ்பத்திரிலியே கீற ஒனக்கே வீக்கம்னுதான தோணுச்சு. எனக்கு எங்க தெரியப்போவுது."

ஜெஸ்லின் காலித் தூக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அது வீக்கம் இல்லை என்று அந்த ஞாயிறு மத்தியானமே தனக்குத் தெரியும் என்ற ஒரு சொல்லை அவள் மதிக்குத் தர வேண்டியிருக்கிறது. இன்னும் தரவில்லை.